பேய் இல்லை என்று சொல்லிவிட்டால் போதுமா?



பேய் என்பது பொய், பில்லி சூனியம் என்பது பித்தலாட்டம், ஜாதகம் என்பது சோம்பேறிகளின் பிழைப்பு என்று நாம் எத்தனையோ ஆண்டுகளாக ஊர் ஊராய்ச் சென்று சொல்லி வருகிறோம். சொன்னதில் ஒரு வார்த்தையையும் இன்று நாம் திருப்பி எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளவேண்டிய காலம் வந்துவிட்டது. பேய் இல்லை, சரி. பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகிற பெண் இருக்கிறாளா இல்லையா? அவள் இரவில் தூங்காமல் கிடப்பது உண்மையா இல்லையா? மார் படபடக்கக் கை கால் நடுங்கி அவள் உட்கார்ந்து விடுவது பிரத்தியட்சமா இல்லையா? பேய் பொய்யானதால் அவள் துன்பமும் பொய்யாகிவிடுமா?

மரக்காணம் பக்கத்து உப்பளக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி ஆயிரக்கணக்கான ஏக்கரில் பாத்தி பாத்தியாய் உப்பு விளைகிறது. விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறி உப்பின் வெள்ளை கண்ணைப் பறிக்கும் வரையில் ஆணும் பெண்ணும் உப்பு வாருகிறார்கள். பெண்கள் கூடையில் தலைச்சுமையாய்க் கொண்டுபோய் அம்பாரம் போடுகிறார்கள். மழை வந்துவிட்டால் மாதக் கணக்கில் வேலை இல்லை. வேலை இல்லாத மாதங்களில் கடன். கடன் அடைக்க அடுத்த வருஷத்து வெயில். அந்தக் கரையை 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கடல் ஏறி அடித்தது. 2023-ஆம் வருஷம் மே மாதத்தில் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் பத்துக்கு மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. 2024-ஆம் வருஷம் நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் பாத்திகளை எல்லாம் மூழ்கடித்துவிட்டுப் போனது.

இவ்வளவும் பட்ட ஒரு மனிதனுக்கு மனம் உடைவது ஆச்சரியமா? உடையாமல் இருப்பதல்லவா ஆச்சரியம்! கால் உடைந்தால் திண்டிவனத்துக்கோ, புதுச்சேரிக்கோ, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ தூக்கிக்கொண்டு ஓடுகிறான். மனம் உடைந்தால் எங்கே போகிறான்? கோடங்கியிடம் போகிறான். உடுக்கை அடிப்பவனிடம் போகிறான். தாயத்துக் கட்டுபவனிடமும், தலையில் கைவைத்து ஜெபிப்பவனிடமும், மந்திரித்து ஊதுபவனிடமும் போகிறான். இந்த ஒரு வியாபாரத்தில் மட்டும் எந்த மதத்துக்காரனுக்கும் எந்த மதத்துக்காரனோடும் சண்டையே கிடையாது!

ஏன் போகிறான் என்று நாம் என்றைக்காவது யோசித்தோமா? "மூடன், ஆகையால் போகிறான்" என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மை என்னவென்றால், அந்தக் கோடங்கி ஒருவன்தான் அந்தப் பெண்ணை எதிரே உட்காரவைத்து, "உனக்கு என்ன அம்மா?" என்று கேட்கிறான். அவன் சொல்லுகிற பதில் புளுகு. அவன் வாங்குகிற காசு கொள்ளை. ஆனால் அவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அந்தக் கேள்வியை நாம் கேட்கவில்லை. சர்க்கார் கேட்கவில்லை. சர்வகலாசாலை கேட்கவில்லை. ஆகவே நாம் மேடையில் வாதத்தில் ஜெயித்துவிட்டு ரயிலேறி விடுகிறோம். பூசாரி ஊரிலேயே இருந்து ஆளை ஜெயித்துக்கொள்கிறான்.

சங்கிலிக்கு வந்த முடிவு

இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நாம் கதை சொல்ல வேண்டியதில்லை. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்கா வாசலில் நோய் தீரும் என்று நம்பிக் கொண்டுவிடப்பட்ட மனநோயாளிகளைத் தனியார் விடுதிகளில் சங்கிலி போட்டுக் கட்டிவைத்திருந்தார்கள். 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி விடியற்காலையில் ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலி இருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் வெந்து மாண்டார்கள். அவர்களைக் கட்டிய சங்கிலியை எந்தத் தெய்வமும் அவிழ்க்க வரவில்லை.

அதற்குப் பின்னால்தான் நாடு கண் விழித்தது. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம், எந்த உருவத்திலும் நோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடுத்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனைக் குற்றவாளியாகப் பாராமல், கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவனாகவே கருதவேண்டும் என்றும் அது சொல்லிற்று. நல்ல சட்டம். ஆனால் இரும்புச் சங்கிலியைச் சட்டம் அறுக்கும். "என் தலைவிதி, என் கிரகம், நான் பிறந்த வேளை" என்கிற சங்கிலியை அறுப்பது யார்?

பகுத்தறிவே வைத்தியமானது

அதை அறுப்பதற்கு ஒரு வித்தை உலகத்தில் இருக்கிறது என்பதையும், அது நம் கொள்கைக்கு அண்ணன் தம்பி முறையானது என்பதையும் நம் தோழர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

அமெரிக்காவில் ஆல்பர்ட் எல்லிஸ் என்று ஒருவர் இருந்தார். தம்மை நாத்திகர் என்று சொல்லிக்கொள்ளத் தயங்காதவர். 1950-களின் நடுவில் அவர் ஒரு மனோவைத்திய முறையைத் தொடங்கி, அதற்கு முதலில் இட்ட பெயரே "பகுத்தறிவு வைத்தியம்" என்று பொருள்படும் பெயர்தான்! அவரை அடுத்து ஆரன் பெக் என்கிற டாக்டர் பிலடெல்பியா நகரத்தில் இருந்து, 1960-களில் இதே வழியை வேறு முனையிலிருந்து கண்டார். அவர் கதை கேட்கத்தக்கது. அவர் பிராய்டு என்பவரின் தத்துவத்தைக் கற்றவர். அந்தத் தத்துவம் உண்மை என்று நிரூபிப்பதற்காகவே சோதனை செய்யப் புகுந்தார். சோதனை வேறு விதமாகச் சொல்லிற்று. அவர் என்ன செய்தார்? சோதனையை மறைத்தாரா? "குரு சொன்னதில் உள்ளர்த்தம் உண்டு" என்று வியாக்கியானம் எழுதினாரா? தத்துவத்தைக் கைவிட்டு, கண்டதைப் பின்பற்றினார். நூறு வயது வரையில் வாழ்ந்து 2021-இல் மறைந்தார். நம் நாட்டுச் சாஸ்திரிகளில் இப்படி ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்!

இவ்விருவர் வழியாக வளர்ந்ததைத்தான் "காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி" என்று இன்று சர்வகலாசாலைகளில் கற்பிக்கிறார்கள். தமிழில் அறிதல் நடத்தைச் சிகிச்சை என்கிறார்கள். பெயர் பெரிது, சங்கதி எளிது. மனிதனுக்கு வரும் துயரம் நடந்த காரியத்தால் மட்டும் வருவதில்லை. நடந்ததைப் பற்றி அவன் உள்ளே சொல்லிக்கொள்வதாலும் வருகிறது. உள்ளே சொல்லிக்கொள்வதை வெளியே எடுத்து வைத்து, "இதற்கு என்ன ஆதாரம்? இதற்கு மாறாக என்ன ஆதாரம்?" என்று விசாரித்தால், பொய்யானது உதிரும். பயந்து ஒதுங்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் செய்துபார்த்தால் பயம் குறையும். முடங்கிக் கிடப்பவன் சிறு சிறு வேலையாய் எழுந்து செய்தால் மனம் பின்னால் எழுந்து வரும். இவ்வளவுதான்.

ஒரு உதாரணத்தால் விளக்குவோம். உப்பு வாரும் ஒரு பெண்ணின் குழந்தை காய்ச்சலில் இறந்துபோனதாக வைத்துக்கொள்வோம். "நான் ராசி கெட்டவள், என் கை பட்டது எதுவும் விளங்காது" என்று அவள் நினைக்கிறாள். அக்கம்பக்கத்தார் வாயும் அதையே சொல்கிறது. மாமியார் அதையே சொல்கிறாள். அவள் கலியாண வீட்டுக்குப் போவதில்லை. அடுத்தவர் குழந்தையைத் தூக்குவதில்லை. வேலைக்கும் போவதை நிறுத்திவிட்டாள். பூசாரி என்ன சொல்வான்? "ஆமாம், உன்மேல் தோஷம் இருக்கிறது, கழித்துவிடலாம்" என்பான். அதாவது, அவளைக் கொல்லுகிற பொய்யை மெய் என்று ஒத்துக்கொண்டு, அதற்குமேல் கூலியும் வாங்குவான்.

இந்த முறையைப் படித்தவர் என்ன செய்வார்? திட்டமாட்டார், சிரிக்கமாட்டார், "கவலைப்படாதே" என்று உபதேசமும் செய்யமாட்டார். முதலில் அவள் அழுது முடிக்கும் வரை கேட்பார். பிறகு அவளோடு சேர்ந்து கணக்குப் பார்ப்பார். "உன் கை பட்டு விளங்காமல் போனவை எவை? சொல். உன் கை பட்டு விளங்கியவை எவை? நீ வளர்த்த மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதே, அது யார் கை? நீ சுமந்து அம்பாரம் போட்ட உப்பு எந்த எந்த ஊர்ச் சோற்றில் விழுந்தது? அந்த வீடுகள் எல்லாம் நாசமாயினவா? அதே வாரம் அதே காய்ச்சலில் வேறு வீட்டுக் குழந்தை இறந்ததா? அந்தத் தாயும் ராசி கெட்டவளா?" பதிலை அவரே சொல்லமாட்டார், அவள் வாயால் வரவேண்டும். எழுதத் தெரியாதவளானால் ஒரு பக்கத்துக்குப் புளியங்கொட்டை, மறு பக்கத்துக்குக் கூழாங்கல் வைத்து எண்ணினாலும் கணக்குக் கணக்குத்தான். பிறகு, "வருகிற வாரம் ஒரு நாள் தங்கை வீட்டுக் குழந்தையைத் தூக்கிப் பார், என்ன ஆகிறது என்று வந்து சொல்" என்பார். அவள் தூக்குவாள். குழந்தை சிரிக்கும். ராசி என்கிற கோட்டையில் ஒரு கல் பெயரும்.

தோழர்களே, இது என்ன? நாம் மேடையில் "நான் சொல்வதை நம்பாதே, உன் புத்தியைக்கொண்டு ஆராய்ந்து பார்" என்று சொல்கிறோமே, அதையே ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் துக்கத்துக்கு மரியாதை கொடுத்துச் செய்வது அல்லவா இது?

வெறும் பேச்சா?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்குச் சரி, படிக்காத ஏழைக்கு இதெல்லாம் ஏறுமா?" என்று சில மேதாவிகள் கேட்பார்கள். ஏழைக்கு மந்திரம்தான் ஏறும், விசாரணை ஏறாது என்பது பழைய வருணாசிரமப் பாட்டு. அதற்குப் பதில் கணக்கில் இருக்கிறது.

பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில், பிள்ளைப்பேற்றுக் காலத்தில் மனச்சோர்வு கண்ட சுமார் 900 பெண்களை இரண்டு பிரிவாக்கிச் சோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு வீடு தேடி வருகிற கிராமச் சுகாதாரப் பெண்களே, டாக்டர்கள் அல்ல, இந்த முறையில் பயிற்சி பெற்று, படங்களைக் காட்டிப் பேசினார்கள். மறு பிரிவுக்கு வீடு தேடி வருதல் மட்டும் நடந்தது. ஆறு மாதத்தில், பயிற்சி பெற்றவர்கள் பார்த்த தாய்மாரில் 100-க்கு 23 பேருக்கே மனச்சோர்வு மிஞ்சியிருந்தது. மறு பிரிவில் 100-க்கு 53 பேருக்கு இருந்தது. நம் கோவாவில் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், பத்தாவது படித்த சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்து, இந்த வித்தையில் ஒரு பாதியான "எழுந்து செய்தல்" முறையை மட்டும் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். கடும் மனச்சோர்விலும் பலன் கண்டது. குடியை விடுவதற்கும் இப்படியே ஒரு பேச்சு வைத்தியத்தைச் சோதித்தார்கள். இரண்டு முடிவுகளும் 2017-இல் வெளிவந்தன. தாயத்துக்கும் தீர்த்தத்துக்கும் இப்படி ஒரு கணக்கை எந்த மடமாவது வெளியிட்டதுண்டா?

படிப்பு எங்கே இருக்கிறது?

இவ்வளவு நல்ல வித்தை நம் சர்வகலாசாலைகளில் இல்லையா என்றால், இருக்கிறது. கல்கத்தா சர்வகலாசாலையில் 1916 முதலே மனோதத்துவம் தனிப் படிப்பு. சென்னையிலும் எத்தனையோ காலமாக உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் உலகம் அறிந்தது. ஆனால் நோயாளியைப் பார்க்கும் உரிமையுள்ள மனோதத்துவராக ஆவதற்குப் பட்டத்தின்மேல் பட்டம், அதன்மேல் பயிற்சி என்று ஏணி வைத்திருக்கிறார்கள். பயிற்சி வேண்டியதுதான், அதை நாம் குறை கூறவில்லை. அந்த ஏணியின் உச்சிப் படியில் இடங்கள் விரல்விட்டு எண்ணுமளவு, சொல்லிக்கொடுப்பது இங்கிலீஷில், புஸ்தகம் இங்கிலீஷில். ஏறி முடித்தவர் பெருநகரத்திலே கடை விரிக்கிறார், அல்லது கப்பலுக்குப் பதில் விமானம் ஏறுகிறார். உப்பளத்துப் பெண்ணின் பிள்ளை அந்த ஏணியின் அடிப்படியைக்கூடப் பார்க்க முடிகிறதா?

இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். சர்வகலாசாலை மான்யக் குழு என்று ஒன்று டில்லியில் இருக்கிறது. அது 2001-இல் ஜோசியத்தை விஞ்ஞானம் என்று பெயர் சூட்டிச் சர்வகலாசாலைக்குள் நுழைத்தது. விஞ்ஞானிகள் வழக்குப் போட்டும் 2004-இல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. 2021-இல் இந்திராகாந்தி திறந்தநிலைச் சர்வகலாசாலை வீட்டிலிருந்தபடியே ஜோசியத்தில் எம்.ஏ. படிக்கலாம் என்று கதவைத் திறந்தது. அதே மான்யக் குழு, 2025-ஆம் வருஷம் முதல் மனோதத்துவத்தைத் தபால் வழியிலும் கம்பி வழியிலும் கற்பிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது!

நோயாளியைத் தொடுகிற வித்தையை நேரில் பழகாமல் தபாலில் கற்க முடியாது என்பது நியாயம், ஒப்புகிறோம். ஆனால் தபால் கதவை மூடினவர்கள் பக்கத்து ஊரில் கல்லூரிக் கதவைத் திறந்தார்களா? கூலி வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைத்தவனுக்கு அந்த ஒரு கதவுதானே இருந்தது? கிரகம் பார்க்கிறவனுக்கு வீட்டிலேயே பட்டம். மனிதனைப் பார்க்க விரும்புகிறவனுக்கு வழி இல்லை. இதுவா கல்விக் கொள்கை?

நாட்டின் அவசியம் எவ்வளவு என்று நிம்ஹான்ஸ் 2015-16-இல் எடுத்த கணக்கே சொல்கிறது: வயது வந்தவர்களில் 100-க்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனக்கோளாறு, அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. 2022-ஆம் ஒரு வருஷத்தில் மட்டும் நம் தமிழ்நாட்டில் 19,834 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். இதில் தமிழ்நாடு இந்தியாவில் இரண்டாவது இடம். கல்வியில் முதலிடம் கேட்கிற நமக்கு இது வெட்கம் இல்லையா?

எச்சரிக்கை ஒன்று

நிற்க. இந்த வித்தையைப் புகழ்கிற நாமே இதன் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். நாளைக்கு ஒரு முதலாளி வருவான். "கூலி குறைவு என்று நீ வருந்துகிறாயே, குறை கூலியில் இல்லையப்பா, உன் எண்ணத்தில் இருக்கிறது, எண்ணத்தைத் திருத்திக்கொள்" என்பான். முன்னே "உன் கர்மம்" என்றவன் இப்போது "உன் நினைப்பு" என்பான். சொல் மாறிற்றே ஒழியச் சூழ்ச்சி மாறவில்லை. இதை அனுமதித்தால் பழைய தலைவிதிக்குப் புதுச் சட்டை போட்டவர்கள் ஆவோம்.

உண்மையான முறை அப்படிச் சொல்லாது. அது ஆதாரம் கேட்கிற முறை. "நான் ராசி கெட்டவள்" என்பதற்கு ஆதாரம் இல்லை, அது உதிரும். "எனக்குக் கூலி போதவில்லை, மழை மாதத்தில் அடுப்பு எரிவதில்லை" என்பதற்கு ஆதாரம் உண்டு, அது நிற்கும். நிற்கிற உண்மைக்கு வைத்தியம் சங்கம் சேர்வதும் உரிமை கேட்பதும்தானே தவிர, எண்ணத்தைத் திருத்துவது அல்ல. ஆனால் "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று முடங்கிக் கிடப்பவன் சங்கத்துக்கு எப்படி வருவான்? முதுகு நிமிர்ந்தவனால்தானே கை உயர்த்த முடியும்? ஆகையால் இரண்டும் வேண்டும்.

அன்றியும், எல்லாக் கோளாறும் பேச்சால் தீராது. காதில் குரல் கேட்பது போன்ற கடும் நோய்களுக்கு மருந்து அவசியம், டாக்டர் அவசியம். இதற்கெல்லாம் இதுவே சஞ்சீவி என்று சொல்பவனும் ஒரு கோடங்கியே.

செய்யவேண்டியது

சர்க்காரை நாம் கேட்பது இது: மனோதத்துவத்தைத் தமிழில் கற்பியுங்கள், தமிழில் புஸ்தகம் எழுதச் செய்யுங்கள். ஜில்லா மருத்துவக் கல்லூரிகளில் இதற்கு இடங்களை ஏற்படுத்தி, உப்பள, மீனவ, விவசாயக் கூலிப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் கொடுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ஊர்ப் பெண்கள் வீடு வீடாய்ப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்களே, அவர்களுக்கே இந்தப் பேச்சு வைத்தியத்தையும் முறையாய்ப் பழக்கி, மேலே பார்த்துக்கொள்ளப் படித்தவரை வையுங்கள். அந்த உழைப்புக்கு ஏற்ற ஊதியமும் கொடுங்கள். ராவல்பிண்டியில் முடிந்தது மரக்காணத்தில் ஏன் முடியாது?

தோழர்களை நாம் கேட்பது இது: இனிமேல் "பைத்தியம்" என்றும் "கீழ்ப்பாக்கத்துக்குப் போ" என்றும் நம் மேடையில் யாரும் வாய் தவறியும் பேசக்கூடாது. 1794 முதல் நோயாளிகளைப் பார்த்துவரும் ஒரு ஆஸ்பத்திரியின் ஊர்ப் பெயரை வசையாக்கினது நாகரிகமல்ல. பேயாடுகிற பெண்ணைக் கண்டால் பேயை மறுப்பதற்கு முன் அவளைக் கேளுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு ஒன்று இருக்கிறது என்று சொல்லுங்கள். உயிரை வெறுத்துப் பேசுகிறவரைத் தனியே விடாமல், அவர் பக்கத்திலிருந்து 14416 என்ற எண்ணுக்குப் பேசச் செய்யுங்கள். அந்த எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பதில் கிடைக்கும், காசு கிடையாது.

பூசாரியின் பொய்யை எடுத்துவிட்டோம். அவன் உட்கார்ந்திருந்த இடம் காலியாகக் கிடக்கிறது. அந்த இடத்தில் நாம் அறிவையும் அன்பையும் கொண்டுபோய் உட்காரவைக்காவிட்டால், அவனே திரும்ப வந்து உட்காருவான். அப்புறம் அவனைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இருக்காது.